ஹெல்பரின் யோசனையும் சபைக்கு வர: பட்டறையில் யோசனைக் கூட்டம் நடத்தும் முறை

சென்னையில் அம்பத்தூர், திருமுடிவாக்கம் பக்கம் நாற்பது ஐம்பது பேரை வைத்துக் கம்பெனி நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறோம். பீஸ் எங்கே சிக்குகிறது, பிசிறு ஏன் வருகிறது என்பதெல்லாம் மெஷினில் நிற்பவருக்குத்தான் முதலில் தெரியும். அவர் காண்ட்ராக்ட் ஆளாகவோ, டிரெய்னியாகவோ, பெண்ணாகவோ இருந்துவிட்டால், "உனக்கென்ன தெரியும்" என்ற ஒரு சொல்லில் அந்த விவரம் அங்கேயே செத்துவிடுகிறது. டொயோட்டா 1951-லேயே தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் திட்டத்தைத் தொடங்கியது. நம் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல், தரத்துக்காக ஜப்பானில் வழங்கப்படும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவுக்கு அதுதான் முதல். அந்தப் பரிசுக்குரிய தர முறையே கடைசித் தொழிலாளி வரை எல்லோரையும் சேர்த்துக்கொண்டால்தான் நடக்கும்.

யோசனை கேட்கும் கூட்டத்தை ஷிப்ட் நேரத்துக்குள் வையுங்கள். ஷிப்ட் முடிந்து வைத்தால் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களும், வீட்டில் பிள்ளையை விட்டு வந்த பெண்களும் கழன்றுகொள்வார்கள். மாதம் ஒருமுறை, ஒரு லைனுக்கு 45 நிமிடம் போதும். பீஸ் ரேட் ஆட்களுக்கு (செய்யும் பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவர்களுக்கு) அந்த நேரத்தின் சராசரிக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். நாற்காலியும் டீ டம்ளரும் எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கட்டும். சிலருக்குக் கண்ணாடி டம்ளரும் காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பேப்பர் கப்பும் கொடுத்துவிட்டு, மனம்விட்டுப் பேசுங்கள் என்றால் யார் வாய் திறப்பார்?

முக்கியமான விதி: முதலில் எழுத்து, பிறகே பேச்சு. 6-3-5 என்று ஒரு முறை உண்டு. 6 பேர், ஆளுக்கு 3 யோசனை, 5 நிமிடத்துக்கு ஒருமுறை தாளைப் பக்கத்தில் இருப்பவருக்கு நகர்த்த வேண்டும்; அரை மணியில் 108 யோசனை. பட்டறையில் அந்த வேகம் சரிவராது, எழுதிப் பழகாதவர்கள் பின்தங்குவார்கள். 4 பேர், 2 யோசனை, 8 நிமிடம் என்று மாற்றுங்கள். நான்கு சுற்றில் 32 யோசனை கிடைக்கும், மீதி 13 நிமிடம் தேர்ந்தெடுக்க. எழுத வராதவர் படம் போடலாம், அல்லது கூட வேலை செய்பவர் எழுதித் தரலாம். சூப்பர்வைசர் எழுதக் கூடாது, அவர் கை பட்டால் வாக்கியம் மாறிவிடும். ஒடிசா, பீகார் ஆட்கள் தங்கள் மொழியிலேயே எழுதட்டும். தாளில் பெயருக்குப் பதில் எண். பெயரைப் பார்த்தால் ஓட்டு சாய்ந்துவிடும். ஆளுக்கு 3 பொட்டு கொடுத்து, பிடித்த யோசனைமேல் ஒட்டச் சொல்லுங்கள். மேனேஜர் கடைசியில்தான் பேச வேண்டும். அவர் முதலில் ஒரு வார்த்தை சொன்னாலும் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள்.

முதல் இரண்டு கூட்டத்தில் பெரும்பாலும் குறைகள்தான் வரும்: ஃபேன் ஓடவில்லை, பெண்கள் கழிவறையில் தாழ்ப்பாள் இல்லை, குடிநீர் இல்லை. இவை யோசனையில்லை என்று தள்ளிவிட்டால் மூன்றாவது கூட்டத்துக்கு வெற்றுத் தாள்தான் வரும். தாழ்ப்பாளை அந்த வாரமே மாட்டுங்கள்.

ஒவ்வொரு யோசனைக்கும் 7 நாளில் பதில், நோட்டீஸ் போர்டில். முடியாது என்றால் காரணத்தோடு. "பார்க்கலாம்" என்று எழுதவே கூடாது. எடுத்த யோசனையை ஒரே மெஷினில் ஒரு வாரம் ஓட்டி, முந்தைய வாரத்து ரிஜெக்‌ஷன் கணக்கோடு ஒப்பிடுங்கள். புது ஜிக் (பீஸைச் சரியான இடத்தில் பிடித்துக்கொள்ளும் சாதனம்) செய்தால் யோசனை சொன்னவரின் பெயரை அதிலேயே பெயின்டில் எழுதுங்கள். தொழிலாளி சொன்ன யோசனையைச் சூப்பர்வைசர் தன் பெயரில் மேலே அனுப்பிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. பரிசுத் தொகை நிரந்தர ஆளுக்கும் காண்ட்ராக்ட் ஆளுக்கும் ஒன்றே. காண்ட்ராக்டர் வழியாகப் போகாமல் நேரே அவர் கையில் சேரட்டும்.

வேலையைச் சுலபமாக்கும் யோசனையால் யாரையும் நிறுத்த மாட்டோம் என்று, முதல் கூட்டத்துக்கு முன்பே எழுதி, முதலாளி கையெழுத்திட்டு, வருகையைப் பதியும் பஞ்சிங் மெஷின் பக்கத்தில் ஒட்டுங்கள். தன் யோசனையால் பக்கத்து ஆளுக்கு வேலை போனதென்று ஒருமுறை தெரிந்துவிட்டால், அந்த லைனிலிருந்து பிறகு ஒரு தாளும் வராது.