அரை மணி நேரத்தில் ஜோஹாரி சன்னல்: டீமில் மனம் திறக்க ஒரு பயிற்சி

கண்ணைக் கட்டிக்கொண்டு பின்னால் சாய்வது, பலூன் உடைப்பது மாதிரி விளையாட்டுகளில் சிரிப்பு வரும். மறுநாள் மீட்டிங்கில் பழைய மௌனம்தான். அதனால் புது டீம்களுக்கு நான் சொல்வது ஜோஹாரி சன்னல். ஜோசஃப் லுஃப்ட், ஹாரி இங்ஹாம் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1955-இல் உருவாக்கியது இது; தன்னைப் பற்றித் தான் நினைப்பதையும் பிறர் நினைப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சி. ஆறேழு பேர், தாள், பேனா போதும்.

1. சொற்பட்டியல். மூலப் பட்டியலில் 56 குணச்சொற்கள் உண்டு. முதல் முறைக்கு 20 போதும்: பொறுமைசாலி, தைரியசாலி, கூச்ச சுபாவி, பதற்றப்படுபவர், சொன்னதைச் செய்பவர்... எண் போட்டு போர்டில் எழுதுங்கள். சோம்பேறி, கோபக்காரர் போன்றவை வேண்டாம். பழைய கணக்குத் தீர்க்க அதுவே வழியாகிவிடும்.

2. தேர்வு. ஒவ்வொருவரும் தனக்கு ஐந்து சொற்கள், மற்ற ஒவ்வொருவருக்கும் மூன்று. துண்டுச்சீட்டில் யாருக்கு என்பதையும் எண்களையும் மட்டும் எழுதட்டும். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

3. நான்கு கட்டங்கள். சீட்டுகளைக் குலுக்கி உரியவரிடம் கொடுங்கள். அவர் ஒரு தாளில் சன்னல் மாதிரி நான்கு கட்டம் போட்டு, சொற்களைப் பிரித்து எழுதட்டும். தானும் பிறரும் எழுதியது முதல் கட்டம். பிறர் மட்டும் எழுதியது இரண்டாவது, தான் மட்டும் எழுதியது மூன்றாவது. மிச்சமெல்லாம் நான்காவது; அதை விட்டுவிடலாம்.

4. பேச்சு. பயிற்சியின் உயிர் இங்கேதான். மேனேஜர்தான் முதலில் பேச வேண்டும், அதுவும் மூன்றாவது கட்டத்திலிருந்து. "பதற்றப்படுபவர்னு நான் மட்டும்தான் எழுதியிருக்கேன். கிளையண்ட் கால் வர்றதுக்கு முன்னாடி எனக்குக் கை நடுங்கும்" என்று அவர் சொல்லிவிட்டால் ஜூனியர்களுக்கும் வாய் திறக்கும். அவர் "நான் ரொம்ப உழைப்பாளி" என்று ஆரம்பித்தால், அப்புறம் எல்லோரும் இன்டர்வியூ பதில்தான் சொல்வார்கள்.

இரண்டாவது கட்டத்திலும் ஆச்சரியங்கள் வரும். கூச்ச சுபாவி என்று தன்னைக் குறித்துக்கொண்ட, சாஃப்ட்வேரைச் சோதிக்கும் டெஸ்டருக்கு நான்கு சீட்டில் தைரியசாலி என்று வரலாம். ரிலீஸுக்கு முந்தைய நாள் "இது ரெடி இல்லை" என்று சொன்னவர் அவர்தானே! "யார் எழுதினது?" என்று மட்டும் கேட்க விடாதீர்கள். பேச விருப்பமில்லாதவர் 'பாஸ்' சொல்லலாம், காரணம் கேட்கக் கூடாது.

5. முடித்ததும் சீட்டுகளைக் கிழித்துவிடுங்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடக் கூடாது. அப்ரைசல் மாதத்தில் இந்தப் பயிற்சியே வேண்டாம், மார்க் போடத்தான் கேட்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

பத்து நிமிடம்தான் இருக்கிறதா? "இந்த வாரம் எனக்கு எதில் உதவி வேண்டும்?" என்று ஆளுக்கு ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். இதிலும் மேனேஜர்தான் முதல் ஆள்.