பச்சைத் திரையா? பிள்ளையைத் தள்ளி உட்கார வையுங்கள்

பின்னால் உள்ள பச்சையைக் கணினியில் நீக்கி வேறு பின்னணி வைப்பதற்காகப் பள்ளிப் பிள்ளைகளைப் பச்சைத் திரை கட்டிப் படம் எடுக்கும்போது, நாற்காலியைத் திரையிலிருந்து ஐந்தாறு அடி முன்னால் போடுங்கள். திரைக்குத் தனி லைட் வையுங்கள். நெருங்கி உட்கார்ந்தால் துணியில் பட்ட வெளிச்சம் பச்சையாகத் திரும்பி, வெள்ளைச் சட்டைக் காலரிலும் எண்ணெய் வைத்து வாரிய முடி ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஒவ்வொரு படமாக உட்கார்ந்து சுரண்ட வேண்டும். தள்ளிப் போட்டால் துணிச் சுருக்கமும் மங்கிவிடும்.

தருமபுரிப் பக்கம் பெண் பிள்ளைகள் மரிக்கொழுந்து சேர்த்துக் கட்டிய பூ வைத்து வருவார்கள். பச்சையை நீக்கும்போது அந்தக் கொழுந்தும் போய்த் தலையில் ஓட்டை விழும். அதற்கும் பச்சைச் சீருடைக்கும் நீலத் துணிதான் சரி, உடையில் நீலம் இல்லாத வரை. வகுப்பறை சின்னது என்றால் திரையே வேண்டாம். வராந்தாவில் வெறும் சுவர் முன்னால் எடுங்கள், அந்த வெளிச்சமே முகத்துக்கு அழகு.