சங்கிலி வாங்கும் முன் சக்கரத்தின் பின்புறத்தைப் பாருங்கள்

பனி மூடிய சாலையில் வழுக்காமல் இருக்க டயரைச் சுற்றி மாட்டும் இரும்புச் சங்கிலிதான் பனிச்சங்கிலி. என் முதல் பனிச்சங்கிலியை டயரின் அளவை மட்டும் பார்த்து வாங்கினேன். பெட்டியில் 205/55 ஆர் 16, அதாவது 16 அங்குலச் சக்கரத்துக்கான அளவு, என்று இருந்தது. என் காரின் டயரிலும் அதுவேதான். மலைச்சாலையில் ஏறத் தொடங்கி நான்கு கிலோமீட்டர் போவதற்குள் முன்சக்கரப் பக்கம் சீரான ஒரு தட்டல் கேட்டது. இறங்கி, டார்ச் அடித்துப் பார்த்தேன். சங்கிலியின் உட்புற வளையம் ஒவ்வொரு சுற்றுக்கும் பிரேக் குழாயை உரசி, மேல் ரப்பரைச் சுரண்டி எடுத்திருந்தது. அப்படியே போய்க்கொண்டிருந்தால், மறுபக்க இறக்கத்தில் மிதிக்க எனக்குப் பிரேக் இருந்திருக்காது.

பெட்டியில் இருந்த அளவும் சரி, டயரின் அளவும் சரி. தவறு டயருக்கும் அதன் பின்னால் இருந்த பாகங்களுக்கும் நடுவிலான இடைவெளியில் இருந்தது. வண்டியோடு வந்த கையேட்டை அன்றிரவுதான் திறந்தேன். இந்த அளவு டயரில் சங்கிலி மாட்டக் கூடாது, 15 அங்குலச் சக்கரத்தில் மெல்லிய சங்கிலி மட்டும் மாட்டலாம் என்று ஒரே வரியில் எழுதியிருந்தது. அதன்பிறகு பதினொரு குளிர்காலங்கள் மருந்துப் பெட்டிகள் ஏற்றிய வேனோடு மலைக்கிராமங்களுக்குப் போய்வந்துவிட்டேன். எது நல்ல சங்கிலி என்று யார் கேட்டாலும், உங்கள் சக்கரத்துக்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன்.

ஆகவே கையேட்டிலிருந்து தொடங்குங்கள். சக்கரமும் டயரும் பற்றிய பகுதியில் சங்கிலியைக் குறித்து ஒரு பத்தியாவது இருக்கும். எந்த டயர் அளவுக்கு அனுமதி, எந்த அச்சில் மாட்ட வேண்டும், எவ்வளவு தடிமன் வரை போகலாம் என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, வண்டியைச் சமதரையில் நிறுத்தி, டயரின் உட்பக்கச் சுவருக்கும் அதற்கு மிக அருகில் இருக்கும் பாகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். ஷாக் அப்சார்பர், பிரேக் குழாய், ஏபிஎஸ் கம்பி ஆகியவற்றில் ஏதாவது ஒன்றுதான் அங்கே நெருங்கி நிற்கும். ஸ்டியரிங்கை நேராக வைத்து ஒருமுறை, இருபுறமும் முழுவதும் திருப்பி ஒவ்வொருமுறை அளக்க வேண்டும். நான் 15 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மரத்துண்டை வைத்திருக்கிறேன். அது தடையின்றி நுழையாத இடத்தில் சாதாரணச் சங்கிலிக்கு இடமில்லை.

15 என்பது நானாகச் சொல்லும் எண் அல்ல. வட அமெரிக்காவில் வாகனப் பொறியாளர்களின் தர அமைப்பு ‘எஸ் வகுப்பு’ என்று குறிக்கும் வண்டிகளில் டயரின் உட்பக்கம் குறைந்தது 15 மில்லிமீட்டரும், தரையில் படும் முகத்துக்கு மேலே 37 மில்லிமீட்டரும் காலியாக இருக்க வேண்டும். இன்றைய கார்களில் பெரும்பாலானவை இந்த நெருக்கமான வகைதான். சங்கிலியின் தடிமன் வெறும் 9 மில்லிமீட்டர்தானே, எதற்கு 37 என்று தோன்றும். சக்கரம் சுழலும்போது சங்கிலி வெளிநோக்கி எழும். தளர்ந்துவிட்டால் இன்னும் எழும். குழியில் விழுந்தால் சக்கரமே மேலேறி வரும். அத்தனைக்கும் சேர்த்துத்தான் அந்த இடம்.

மாட்டவே கூடாது என்று கையேடு சொன்னால் அதோடு வாதாடாதீர்கள். அனுமதிக்கப்பட்ட சிறிய சக்கரமும் ஒடுக்கமான டயரும் குளிர்காலத்துக்கென்று வாங்கிக்கொள்வதுதான் சரியான வழி. நான் அதைத்தான் செய்தேன். ஒடுக்கமான டயர் பனியை அறுத்துக்கொண்டு போகும் என்பது கூடுதல் லாபம்.

டயரைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சங்கிலி குளிர்கால டயருக்கு மாற்று அல்ல, அதன்மேல் வரும் துணை. கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே விறைத்துப் போகத் தொடங்கும். டயரின் பக்கச்சுவரில் மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் பனிப்படிகமும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று சொல்லும் வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ எழுத்துகளைத் தயாரிப்பாளர் தாமே போட்டுக்கொள்ளலாம். மலைக்குறியைப் பெற இறுகிய பனியில் சோதனை தேற வேண்டும். ஆனால் அந்தச் சோதனை பனிக்கட்டியின் மேல் நடப்பதில்லை. மலைக்குறி இருக்கிறதே என்று பனிக்கட்டியில் துணிந்து இறங்குபவர்களை எல்லாக் குளிர்காலத்திலும் பார்க்கிறேன், மனம் பதறுகிறது. டயரின் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால், சட்டம் அனுமதித்தாலும் நான் அதில் மலையேற மாட்டேன்.

இனி, எந்தப் பனிக்கு எது என்பது. தமிழில் மூடுபனி, பனித்துளி, வெண்பனி, பனிக்கட்டி எல்லாவற்றையும் பனி என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். வண்டி ஓட்டுபவருக்கு இது போதாது. நான் மனத்துக்குள் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்: காலால் உதைத்தால் பறக்கும் பொடிப்பனி, வண்டிகள் ஓடி ஓடி அமுக்கிய இறுகிய பனி, நனைந்த தார்ச்சாலைபோல் கறுப்பாகத் தெரிந்து ஏமாற்றும் கண்ணாடிப்பனி. மூன்றாவதுதான் ஆளைக் கொல்வது. வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி இருக்கும்போது அதன்மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். அதனால் கடுங்குளிரில் இருப்பதைவிட அப்போதுதான் அது மிகவும் வழுக்கும். வேறுபாடு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் வண்டி, பிரேக் பிடித்த பிறகு, உலர்ந்த தார்ச்சாலையில் ஏறத்தாழ 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் ஏறத்தாழ 40 மீட்டர் வேண்டும். கண்ணாடிப்பனியில் 100 மீட்டர் ஆகிவிடும்.

கண்ணாடிப்பனியைக் கடிக்க இரும்பு வேண்டும். சக்கரத்தின் மேல் வரும் எடை சங்கிலிக் கண்ணியின் மெல்லிய விளிம்பில் இறங்குவதால்தான் சங்கிலி பனிக்கட்டிக்குள் பதிகிறது. ஆகவே கண்ணியின் வடிவத்தைக் கையிலெடுத்துப் பாருங்கள். உருண்டைக் கம்பியில் செய்த கண்ணி வழுக்கும். சதுரமாகவோ ஒருபக்கம் தட்டையாகவோ விளிம்புள்ள கண்ணி கடிக்கும். பின்னல் அமைப்பும் முக்கியம். டயரின் குறுக்கே ஏணிப்படிபோல் கிடக்கும் சங்கிலி ஏற்றத்துக்கு நன்றாக இழுக்கும்; ஆனால் இரண்டு படிகளுக்கு நடுவே வெறும் ரப்பர் தரையைத் தொடும் கணத்தில் பக்கவாட்டில் பிடி இல்லை. சாய்சதுரமாகப் பின்னிய சங்கிலியில் எப்போதும் ஏதாவதொரு கண்ணி தரையில் இருக்கும். வளைவுகளில் வண்டி பக்கவாட்டில் நழுவாமல் நிற்பதற்கும், ஓட்டம் அதிராமல் இருப்பதற்கும் அதுவே காரணம். மலைச்சாலைக்கு நான் சாய்சதுரப் பின்னலைத்தான் சொல்வேன், விலை கூடினாலும்.

இந்தச் சங்கிலிக்கு நூறாண்டைத் தாண்டிய வயது. நியூயார்க் மாநிலத்துக்காரரான ஹாரி வீட் 1904இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சேற்றிலும் பனியிலும் பிடி கிடைப்பதற்காக ஓட்டுநர்கள் டயரில் கயிறு சுற்றிக்கொண்டதைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள்.

இடம் குறைவான வண்டிகளுக்குக் கம்பிவட வகை உண்டு. எஃகு வடத்தின்மேல் சிறு உருளைகள் கோத்திருப்பார்கள். எடை குறைவு, மாட்டுவதும் சுலபம். பொடிப்பனிக்கும் இறுகிய பனிக்கும் போதும். கண்ணாடிப்பனியில் கடி குறைவு, செங்குத்தான ஏற்றத்தில் கைவிடலாம். உட்பக்கம் எதுவுமே வராமல் வெளிப்புறத்திலிருந்து சக்கரத்தின் நட்டில் பொருத்தும் வகையும் கிடைக்கிறது. விலை அதிகம். ஆனால் கையேடு உட்பக்க இடத்தைக் காரணம் காட்டிச் சங்கிலியைத் தடுத்திருந்தால், வண்டித் தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டு இதைப் பரிசீலிக்கலாம்.

அடுத்தது துணியுறை. டயருக்குச் சட்டைபோல மாட்டும் இதை நார்வேக்காரர்கள் ஆட்டோசாக் என்ற பெயரில் முதலில் பரப்பினார்கள். துணியால் இரும்பின் வேலையைச் செய்ய முடியுமா என்று நானும் நம்பாமல்தான் இருந்தேன். உலர்ந்த பனியில் அந்த இழைகள் வியக்கத்தக்கபடி ஒட்டிப் பிடிக்கின்றன. சில நிமிடங்களில் மாட்டிவிடலாம், எதையும் உரசாது, சத்தமில்லை. ஆண்டுக்கு ஓரிருமுறை சிக்கிக்கொள்பவருக்கும், சங்கிலியைத் தூக்கிக் கட்ட முடியாத முதியவருக்கும் நான் தயங்காமல் இதைச் சொல்கிறேன். ஆனால் ஈரமான பனிக்கட்டியில் இதை நம்பாதீர்கள். பனியில்லாத தார்ச்சாலை வந்துவிட்டால் உடனே கழற்றுங்கள். சில கிலோமீட்டரிலேயே ஓட்டை விழுந்துவிடும். ஐரோப்பாவில் வாங்குவதாக இருந்தால் பெட்டியில் இஎன் 16662-1 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். சங்கிலி கட்டாயமான சாலையில் துணியுறையை ஏற்பார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். இதற்குக் கடைக்காரரின் வாய்ச்சொல் போதாது. அந்தச் சாலையை நிர்வகிக்கும் துறையின் அறிவிப்பைப் பாருங்கள்.

ஆணி பதித்த டயர் கண்ணாடிப்பனியில் மிக நல்லது, ஆனால் சாலையைத் தின்றுவிடும். அதிலிருந்து எழும் தூசி காரணமாகவே ஜப்பான் 1990இல் அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. ஜெர்மனியிலும் பொதுவாகத் தடைதான். உங்கள் இடத்தில் அனுமதி இருந்து, மாதக்கணக்கில் பனிக்கட்டியில் ஓட்டுபவர் என்றால் மட்டும் யோசியுங்கள். சக்கரத்தின் துளை வழியாக மாட்டி இறுக்கும் பிளாஸ்டிக் பட்டைகளை மட்டும் வாங்காதீர்கள். அவை அறுந்துபோகும், பிரேக் பாகங்களில் சிக்கும். கட்டாயச் சங்கிலிச் சாலையில் அவற்றை நம்பிப் போகவும் முடியாது.

சட்டத்தைப் பொறுத்தவரை இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். ஆல்ப்ஸ் மலை நாடுகளில் நீல வட்டத்துக்குள் சங்கிலி சுற்றிய டயர் வரைந்த பலகையைப் பார்த்தால், அங்கேயே மாட்டிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். கலிஃபோர்னியாவில் சங்கிலிக் கட்டுப்பாட்டின் இரண்டாம் நிலையான ஆர் 2 என்று அறிவித்தால், நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டிக்கு, நான்கிலும் பனி டயர் இருந்தால், விலக்கு உண்டு. ஆனால் சங்கிலி வண்டியில் இருக்க வேண்டும். ஆர் 3 என்றால் யாருக்கும் விலக்கில்லை. நான்கு சக்கர விசை இருப்பதால் சங்கிலி எதற்கு என்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த விசை வண்டியைக் கிளப்புவதற்குத்தான் உதவும். நிறுத்துவதற்கு எல்லா வண்டிக்கும் அதே நான்கு டயர்கள்தான்.

எந்தச் சக்கரத்தில் மாட்டுவது? விசை செல்லும் சக்கரத்தில். முன்சக்கர விசையென்றால் முன்னால், பின்சக்கர விசையென்றால் பின்னால், நான்குமென்றால் கையேடு சொல்லும் அச்சில். முன்னால் மட்டும் மாட்டிக்கொண்டு இறக்கத்தில் அழுத்திப் பிரேக் பிடித்தால், முன்பாதி பிடித்துக்கொள்ளும், பிடியில்லாத பின்பாதி சுழன்று முன்னே வரப் பார்க்கும். என் வேன் காலியாகத் திரும்பும்போது இது நடந்திருக்கிறது. கையேடு அனுமதித்தால், நீண்ட இறக்கங்களுக்கு நான்கிலும் மாட்டுங்கள்.

வாங்கிய அன்றே வீட்டு வாசலில் மாட்டிப் பாருங்கள். வெறுங்கையோடு இரண்டுமுறை, பிறகு கையுறை போட்டுக்கொண்டு இருட்டில் ஒருமுறை. முதல்முறை எனக்கு நாற்பது நிமிடம் ஆனது, இப்போது ஒரு சக்கரத்துக்கு நான்கு நிமிடம். சங்கிலியைத் தரையில் விரித்து முறுக்கு எடுங்கள். கொக்கியின் கூர்முனை டயரின் பக்கம் திரும்பாமல் வெளியே பார்த்திருக்க வேண்டும். உட்புற வளையத்தை முதலில் கோத்து, அது டயரின் பின்னால் சரியாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவி உறுதிசெய்த பிறகுதான் வெளிப்புறத்தை இறுக்க வேண்டும். டயரின் காற்றைக் குறைக்கக் கூடாது. நூறு மீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி மறுபடியும் இறுக்குங்கள். சங்கிலி அப்போதுதான் தன் இடத்தில் படியும். இதைச் செய்யாதவர்களின் சங்கிலிதான் வழியில் அறுந்து கிடக்கிறது.

மாட்டும் இடம் சமமாக, போக்குவரத்துக்கு விலகி இருக்க வேண்டும். ஏற்றத்தில் சிக்கிய பிறகு மாட்டலாம் என்று இருக்காதீர்கள். வளைவுக்குப் பின்னால் சாலையோரம் மண்டியிட்டிருப்பவரை, வழுக்கி வரும் வண்டியால் தவிர்க்க முடியாது.

ஓடும்போது 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். உங்கள் சங்கிலிக்கு அதைவிடக் குறைந்த வரம்பு இருந்தால் அதற்குள் போங்கள். ஆழ்ந்த பனியில் கிளம்பும்போது மட்டும் சக்கரச் சுழற்சிக் கட்டுப்பாட்டை (டிராக்‌ஷன் கன்ட்ரோல்) அணைக்க வேண்டியிருக்கலாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் காலை எடுத்தவுடன் வண்டியை இழுத்துப் பிடிக்கும் மறுமின்னேற்ற அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். வழுக்கும் சாலையில் அது விசைச்சக்கரத்தை மட்டும் பிடித்து வண்டியைத் திருப்பிவிடும். புதிதாக ஒரு தட்டல் கேட்டால் உடனே நிறுத்துங்கள். அறுந்த ஒரு கண்ணி மட்கார்டைக் கிழிக்கும், பிரேக் குழாயையும் விடாது.

வீடு திரும்பியதும் சங்கிலியை வெந்நீரில் அலசி, பனி உருகச் சாலையில் தூவும் உப்பைப் போக்கி, முழுவதும் உலர்த்துங்கள். இறுக்கும் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். பிறகு பையில் போட்டு, மேலாகக் கையுறை, தலைவிளக்கு, மண்டியிட ஒரு துண்டுப் பாய், உதிரிக் கண்ணிகள் இரண்டு, ஒரு குறடு ஆகியவற்றை வையுங்கள். அந்தப் பை டிக்கியில் மற்றச் சாமான்களுக்கு அடியில் போகாமல், திறந்தவுடன் கைக்கு வரும்படி மேலேயே இருக்கட்டும்.