பழைய ஊர்ப்படங்களைக் கைப்பேசி உறையில் அச்சிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கடைத்தெரு, இன்று இல்லாத பாலம், மூடப்பட்ட இரயில் நிலையம் போன்ற உள்ளூர் வரலாற்றுப் படங்கள் கைப்பேசி உறையில் மங்கலாக வந்துவிட்டால் பழி அச்சகத்தின் மேல்தான் விழுகிறது. பெரும்பாலும் படம் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே கெட்டுவிட்டிருக்கும்.

இணையத்தில் கிடைத்த சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்குவதே அதிகம் நடக்கும் தவறு. உறையின் பின்புறம் ஏறக்குறைய 7.5 செ.மீ. அகலமும் 16 செ.மீ. உயரமும் உள்ளது, அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற வழக்கமான அச்சுத் தரத்துக்கு அகலத்தில் சுமார் 900, உயரத்தில் சுமார் 1,900 பிக்சல்கள் தேவை. தெருக்காட்சிகள் பெரும்பாலும் கிடைவாட்டில் எடுக்கப்பட்டவை என்பதால், நெட்டாக வெட்டிய பிறகு எஞ்சும் பகுதியில் அந்த 1,900 இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புத்தகத்தில் அச்சான படத்தை ஸ்கேன் செய்தால் அச்சுப்புள்ளிகள் அலையலையான கோலமாகத் தெரியும். அவற்றை மட்டுப்படுத்தும் வசதி பல ஸ்கேனர்களில் உண்டு. கேமராத் துளை விழும் மூலையில் ஒருவரின் முகமோ பெயர்ப்பலகையோ அமைந்துவிடக் கூடாது.

இதைவிடப் பெரிய பிழை, படம் சொல்லும் செய்தியையே மாற்றிவிடுவது. கண்ணாடி நெகட்டிவைப் புரட்டி வைத்து ஸ்கேன் செய்தால் வலம் இடமாகி, ஆற்றின் இக்கரையில் இருந்த கட்டடம் அக்கரைக்குப் போய்விடும். பெயர்ப்பலகை எழுத்துகளையும் கடிகார முகப்பையும் கவனித்தால் இது உடனே பிடிபடும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் செயலி பூசும் வண்ணமும் வெறும் ஊகமே. 19ஆம் நூற்றாண்டின் ஒளிப்படத் தகடுகள் பெரும்பாலும் நீல ஒளியையே நன்கு உணர்ந்தன. அதனால் சிவப்புச் சுவர் கறுத்தும் நீல வானம் வெளுத்தும் பதிவாயின. அந்தக் கறுப்பைப் பார்த்து எந்தச் செயலியும் செங்கல்லை அறிய முடியாது. கறுப்பு வெள்ளையாகவே விடுவதுதான் நேர்மை என்பது என் கருத்து.

அச்சுப்படம் கையில் இருப்பதாலேயே அதைப் பிரதியெடுத்து விற்கும் உரிமை வந்துவிடாது. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை ஒளிப்படங்களுக்கு விதிக்கும் குறைந்தபட்சக் காப்புக்காலம், எடுக்கப்பட்டதிலிருந்து 25 ஆண்டுகள். பல நாடுகளின் சட்டம் அதைவிட நீண்ட காலம் தருகிறது. ஆவணக்காப்பகத்தில் பெற்ற படமானால் அதன் பயன்பாட்டு நிபந்தனைகளையும் படிக்க வேண்டும்.

சிலர் அச்சிடும் சிரமமே வேண்டாம் என்று வீட்டிலுள்ள மூலப்படத்தையே ஒளிபுகும் உறைக்குள் செருகிவிடுகிறார்கள். கைப்பேசியின் சூட்டிலும் வியர்வையிலும் படத்தின் ஜெலட்டின் படலம் இளகி உறையோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது படமே உரிந்து வரலாம். செருகுவதற்கு ஒரு நகல் போதும்.