மூச்சுப் பரிசோதனைக் கருவி: அகச்சிவப்பு விளக்கில் செய்யக்கூடாத தவறுகள்

பலதுறைத் தொழிற்கல்லூரிப் பிள்ளைகள் இறுதியாண்டுத் திட்டமாக மூச்சுப் பரிசோதனைக் கருவி செய்ய என்னிடம் வந்தால், முதல் கேள்வியே "எந்த விளக்கு வாங்கலாம் அண்ணா?" என்பதுதான். தவறு அங்கேயே தொடங்குகிறது. மூச்சு நிரம்பிய வாயு அறை வழியாக அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, வாயு எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று டிடெக்டரால் (ஒளியை உணரும் கருவி) அளப்பதே இந்தக் கருவியின் வேலை. எந்த வாயு, அது எவ்வளவு இருக்கும் என்று தெரியாமல் விளக்கைத் தேடவே கூடாது.

வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு 4 முதல் 5 விழுக்காடு வரை இருக்கும். 4.26 மைக்ரோமீட்டர் ஒளியை அது பலமாக உறிஞ்சுவதால், சூடாகும் சிறு இழையே போதும். ஆஸ்துமாவுக்காகப் பார்க்கும் நைட்ரிக் ஆக்சைடு அப்படியல்ல. பெரியவர்களின் மூச்சில் நூறு கோடியில் 50 பங்கைத் தாண்டினாலே அது அதிகம். அது உறிஞ்சும் 5.3 மைக்ரோமீட்டர் பக்கம் நீராவியும் குறுக்கே நிற்கும். அங்கே இழை உதவாது. மிகக் குறுகலான அலைநீளப் பட்டையில் மட்டும் ஒளிரும் குவாண்டம் காஸ்கேடு லேசர் வேண்டும். சாதாரணக் கண்ணாடிக் குமிழுக்குள் இருக்கும் பல்பையும் மறந்துவிடுங்கள், அந்த ஒளியில் பெரும்பகுதியைக் கண்ணாடியே விழுங்கிவிடும்.

சிக்னல் போதவில்லையென்று வோல்ட்டை ஏற்றுவது அடுத்த தவறு. கூடும் ஒளியில் பெரும்பகுதி நமக்குத் தேவைப்படாத குறுகிய அலைநீளங்களுக்குப் போகும், இழையின் ஆயுளும் குறையும்.

நான் அதிகம் பார்ப்பது வேறொன்று. ஒரு குழுவின் கருவியில், ஏர்கான் அறையில் பத்து முறை ஊதியதும் சிக்னல் மங்கிப்போனது. விளக்கு போய்விட்டதென்று புதிதாக வாங்கி மாட்டினார்கள். அதுவும் மங்கியது. வாயு அறையில் ஒளி புகும் சாளரத்தைக் கழற்றி விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தேன். பனிபோல மெல்லிய ஈரப்படலம். மூச்சு வெதுவெதுப்பாக, ஈரம் நிறைந்து வருகிறது. 23 டிகிரிக் குளிரில் இருக்கும் சாளரத்தில் அது படியாமல் என்ன செய்யும்? வாயு அறையை 40 டிகிரிக்கு மேல் சூடாக்கி, குழாயில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் நீர்ப்பொறி வைத்தோம். பழைய விளக்கே நன்றாக வேலை செய்தது. பாவம், அந்தப் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

விளக்கு நாளாக நாளாக மங்கத்தான் செய்யும். அதனால் மூச்சிலுள்ள வாயுக்கள் உறிஞ்சாத 3.9 மைக்ரோமீட்டர் அருகே இன்னொரு டிடெக்டர் வைத்து ஒப்பிடுங்கள். வாயு இல்லாத நிலையைச் சுழியமாக வைக்கும்போது கருவியின் மேல் குனிந்து நிற்காதீர்கள். ஆட்கள் நிறைந்த மூடிய அறையில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 1000 பங்கைச் சுலபமாகத் தாண்டும், அந்தப் பிழை ஒவ்வொரு அளவீட்டிலும் ஏறிக்கொள்ளும். நைட்ரஜன் சிலிண்டர் இருந்தால் அதிலேயே சுழியம் வையுங்கள்.