ஆர்.இ. சுவர்மேல் பாலம்: மண்ணிலும் நீரிலும் நடக்கும் தவறுகள்

சென்னையைச் சுற்றியுள்ள புறவழிச்சாலைகளில், மேம்பாலத்தின் இரு முனையிலும் கான்கிரீட் பேனல் அடுக்கிய சுவர் உயர்ந்து நிற்கும். இதுதான் ஆர்.இ. (ரீஇன்ஃபோர்ஸ்டு எர்த், அதாவது வலுவூட்டிய மண்) சுவர். பேனல் வெறும் முகம்தான். சுமையைத் தாங்குவது, பின்னால் அடுக்கடுக்காக இறுக்கிய மண்ணும் அதனுள் கிடக்கும் ஜியோகிரிட் என்ற வலைபோன்ற விரிப்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் உராய்வு. அந்தப் பிடி தளர்ந்தால் பேனல் எவ்வளவு தடிமனாக இருந்தும் பயனில்லை.

அதனால் முதல் தவறு மண்ணில்தான் நடக்கிறது. திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்து ஏரி மண் கிட்டத்தில் கிடைக்கும், விலையும் குறைவு. சாதாரணக் கரைக்கு அது போதலாம். ஜியோகிரிட் பகுதிக்கு ஆகாது. 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 15 சதவீதத்துக்குள், பிளாஸ்டிசிட்டி இண்டெக்ஸ் (மண்ணின் களித்தன்மையைக் காட்டும் எண்) 6-க்குள், உராய்வுக் கோணம் (மண் துகள்கள் சறுக்காமல் பிடிக்கும் திறனின் அளவு) 30 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். களிமண் நனைந்தால் நீரை விடாது, உராய்வையும் இழக்கும். ஒரே குழியிலேயே ஆழம் போகப்போக மண் மாறும். முதல் நாள் சோதனைத் தாளை வைத்துக்கொண்டு கடைசி லாரி வரை இறக்கக் கூடாது. கிரஷர் டஸ்ட்டையும் (கல் உடைக்கும்போது வரும் தூள்) சலித்துப் பார்க்காமல் நம்பவே கூடாது.

அடுத்தது நீர். பேனலுக்குப் பின்னால் 600 மி.மீ. அகலத்துக்கு ஜல்லி ஃபில்டர், பேனல் இணைப்புகளில் நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி: இரண்டும் இருந்தும் சுவர் வீங்கினால், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழையில் மேற்பரப்பைத் திறந்து போட்டார்களா என்று பாருங்கள். தினமும் வேலை முடியும்போது மண்ணைப் பேனலிலிருந்து விலகிச் சரியும்படி உருட்டிவிட வேண்டும். மழைநீர்க் குழாயை ஜியோகிரிட் பகுதிக்குள் புதைப்பதும் ஆபத்து. இணைப்பு கசிந்தால் வெளியே தெரியாமலே உள்ளே மண் கரையும்.

பேனலிலிருந்து 1.5 மீட்டருக்குள் பெரிய ரோலர் வரக் கூடாது, பேனல் வெளியே தள்ளும். அதற்காக அங்கே இறுக்காமல் விட்டால் பின்னால் பள்ளம் விழும். மெல்லிய அடுக்காகப் பரப்பி பிளேட் காம்பாக்டரால் (அதிர்ந்து மண்ணை இறுக்கும் சிறிய இயந்திரம்) இறுக்குங்கள். ஜியோகிரிட்டைச் சுருக்கமின்றி இழுத்துப் பிடித்து, 150 மி.மீ. மண் போட்ட பிறகே வண்டி ஏறலாம்.

பாலத்தின் இருக்கையை நேரே மண்மேல் வைப்பதானால், பேரிங்கின் (பாலத்தின் பாரத்தை இருக்கைக்குக் கடத்தும் தாங்கி) மையம் பேனல் முகத்திலிருந்து குறைந்தது 1 மீட்டர் உள்ளே இருக்கட்டும். பள்ளிக்கரணை, எண்ணூர் போன்ற மென்களிமண் தரையில் அடித்தளம் அமிழும். பைல் (ஆழத்துக்கு இறக்கும் அடித்தளத் தூண்) போட்டிருந்தால் அமிழும் மண் பைலையும் கீழே இழுக்கும். தற்காலிகக் கரை ஏற்றித் தரையை அமிழ்த்தி, பிறகு பைல், அதன் பிறகே சுவர் என்பதுதான் சரியான வரிசை. பைல் குறுக்கே வந்தால் ஜியோகிரிட்டைத் தளத்திலேயே கத்தியால் வெட்டிவிடுகிறார்கள். இது மிக மோசமான தவறு. ஜியோகிரிட்டைப் பைலிலிருந்து எப்படி விலக்குவது என்பதை டிசைனர் வரைபடத்திலேயே காட்டியிருக்க வேண்டும்.

பேனலைப் பிடித்திருக்கும் மர ஆப்புகளை மூன்று வரிசைக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். மேலே பாரம் ஏறியதும் பேனல் மூலை உடையும்.