ஓய்வுக்குப் பிறகு குடும்பத்தோடு நீண்ட கார் பயணம்: திரும்பி வரும் நாளிலிருந்து திட்டம் போடுங்கள்

பயணத்துக்குத் திட்டம் போட உட்கார்ந்தால் எல்லோரும் கிளம்பும் நாளில்தான் ஆரம்பிப்பார்கள், நாங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். நானும் என் கணவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு காரில் நிறையவே சுற்றிவிட்டோம். யோசித்துப் பார்த்தால் கிளம்பிய நாள் ஒருமுறைகூடச் சொதப்பியதில்லை. சொதப்பியது எல்லாம் திரும்பிய நாள்தான்.

ஒருமுறை கடைசி நாள், இருட்டத் தொடங்கிவிட்டது, இன்னும் இருநூறு கிலோமீட்டர் பாக்கி. "ஒரே மூச்சில போயிடலாம், நீ தூங்கு" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். பின்சீட்டில் இருந்த பேத்தி கொஞ்ச நேரம் கழித்து, "பாட்டி, அது ஏன் டிக் டிக்னு கத்திக்கிட்டே இருக்கு?" என்று கேட்டபோதுதான் விழித்தேன். எப்போதோ லேன் மாறுவதற்காகப் போட்ட இண்டிகேட்டர் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அந்தச் சத்தம் அவர் காதில் விழவே இல்லை. "ஏங்க, ஓரமா நிறுத்துங்க" என்றேன். ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் நிறுத்தினார். அதுதான் எனக்கு இன்னும் பயம், ஏனென்றால் அவர் மறுக்காமல் கேட்கிற ஆள் கிடையாது.

அன்றிலிருந்து நாங்கள் பின்னாலிருந்து எண்ணுகிறோம். கடைசி நாளின் தூரம்தான் எல்லாவற்றிலும் குறைவாக இருக்க வேண்டும், பொழுது சாய்வதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், மறுநாள் எந்த வேலையும் இருக்கக் கூடாது. திரும்பும் வழி ஆயிரம் கிலோமீட்டர் என்றால் வேலைக்குப் போகும் வயதில் இரண்டு நாளில் முடித்திருப்போம். இப்போது நானூறு, நானூறு, இருநூறு. மேப் ஆறு மணி நேரம் என்று காட்டினால் அதோடு இன்னொரு இரண்டு மணி நேரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேப்புக்குச் சிறுநீரும் வருவதில்லை, வாந்தி எடுக்கும் பேரனும் இல்லை.

இருட்டில் ஓட்டாதீர்கள் என்று பிள்ளைகள் சொன்னால் பலருக்குக் கோபம் வருகிறது. இதில் திறமையைக் குறை சொல்ல எதுவுமில்லை, கண்ணின் கதை அது. வயதாக ஆகக் கண்மணி இருட்டில் முன்போல விரிவதில்லை, லென்ஸும் மஞ்சளிக்கிறது. இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் அறுபது வயதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சேர்கிறது. எதிரே வரும் விளக்கு கூசிய பிறகு பார்வை பழைய நிலைக்குத் திரும்பவும் அதிக நேரம் பிடிக்கிறது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் கண்புரையாக இருக்கலாம், கிளம்புவதற்கு முன்பே கண் மருத்துவரைப் பாருங்கள். கண்ணாடி மாற்ற வேண்டுமென்றால் புதுக் கண்ணாடியோடு இரண்டு வாரமாவது பழகிவிட்டுப் போங்கள்.

தூக்கம் இரவில் மட்டும் வருவதில்லை. மதியம் இரண்டிலிருந்து நாலு வரை உடம்பின் கடிகாரமே மந்தமாகும், சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும். ஜன்னலைத் திறப்பது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் சில நிமிட ஏமாற்று. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு உடனே பதினைந்து இருபது நிமிடம் கண் மூடுங்கள், காபி வேலை செய்ய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும், எழும்போது இரண்டும் சேர்ந்து கைகொடுக்கும். சளி, ஒவ்வாமைக்கான மாத்திரைகளில் பல தூக்கம் வரவழைப்பவை. அதனால் பயணத்துக்கு முன்பு மருந்துக்கடையில் எல்லாச் சீட்டையும் காட்டி "இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டலாமா" என்று ஒரே கேள்வியைக் கேளுங்கள்.

இருவருக்கும் ஓட்டத் தெரியும் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றிக்கொள்ளுங்கள், களைப்பு வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். எங்கள் வீட்டில் "எனக்குக் களைப்பா இல்லையே" என்பது செல்லுபடியாகாத பேச்சு.

உடம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இதைத்தான் பலர் கூச்சத்தால் மறைக்கிறார்கள். வழியில் கழிப்பறை கிடைக்குமோ என்ற பயத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, நீர்மாத்திரையைத் தாங்களாகவே விட்டுவிடுவது. என் சொந்தக்காரர்களிலேயே இரண்டு பேர் செய்வார்கள். செய்யாதீர்கள். மாத்திரையின் நேரத்தை மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், பல பேருக்கு அது சுலபமாகவே தீர்ந்துவிடும். நாலு மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் காலின் ஆழத்தில் இருக்கும் ரத்தக் குழாய்களில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. வயது, சமீபத்திய அறுவை சிகிச்சை, முன்பு உறைந்த வரலாறு எல்லாம் அதை இன்னும் கூட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி ஐந்து பத்து நிமிடம் நடங்கள். பக்கத்துச் சீட்டில் இருப்பவர் உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை வலித்துச் சூடாக இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள், மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் அவசர உதவிதான். வீடு திரும்பிச் சில வாரம் வரைகூட இது தலைகாட்டலாம் என்பதால், வந்தாயிற்றே என்று மறந்துவிடாதீர்கள்.

மருந்தை இரண்டு பைகளில் பிரித்து, ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுபவர்கள் அதை டேஷ்போர்டு அறையிலோ டிக்கியிலோ வைக்கவே கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் முதல் பத்து நிமிடத்திலேயே வெப்பம் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறிவிடும். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும், அதற்காக ஐஸ் கட்டியின் மேலேயே வைத்து உறையவிட்டால் அது குப்பைக்குத்தான். துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். கார் நிற்கும்போது பையும் கூடவே இறங்கட்டும்.

காரைப் பொறுத்தவரை எஞ்சின் ஆயில், வைப்பர், பிரேக், பேட்டரி எல்லாம் மெக்கானிக் பார்த்துவிடுவார், நீங்கள் பார்க்க வேண்டியது டயர். காற்றழுத்தம் எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் ஒட்டியிருக்கும். பல கார்களில் ஆள் குறைவாக இருக்கும்போது ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என்று இரண்டு எண்கள் இருக்கும், நாம் இரண்டு பேராக ஓட்டிப் பழகிவிட்டு ஐந்து பேரும் மூட்டையுமாகப் போகும்போது அந்த இரண்டாவது எண்ணை மறந்துவிடுகிறோம். காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடாகும் முன் பார்க்க வேண்டும். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ஓய்வு பெற்றவர்களின் கார் குறைவாகத்தான் ஓடும், டயர் பார்க்கப் புதிது போலவே இருக்கும், ரப்பர் மட்டும் கிழடாகியிருக்கும். ஸ்டெப்னியின் எண்ணையும் காற்றையும் பார்க்க மறக்காதீர்கள்.

கனமான பெட்டிகள் கீழே, பின்சீட்டின் முதுகை ஒட்டி. பின்கண்ணாடிக்கு அடியில் இருக்கும் பலகையில் எதுவும் வைக்காதீர்கள், சடாரென்று பிரேக் அடித்தால் தண்ணீர்ப் பாட்டில் முன்சீட்டில் இருப்பவரின் பின்மண்டைக்குத்தான் பறந்து வரும்.

பேரப்பிள்ளைகள் உங்கள் காரில் வருகிறார்களா? அப்படியானால் குழந்தை இருக்கையை முந்தின நாளே அவர்கள் அப்பா அம்மாவை வைத்துப் பொருத்திவிடுங்கள், கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று அடம்பிடிக்கும் தாத்தா பாட்டிகளுக்கு ஒன்று சொல்வேன், மோதும் வேகத்தில் எந்தக் கையாலும் குழந்தையைப் பிடித்து வைக்க முடியாது. நானும் அடம்பிடித்தவள்தான்.

இரண்டு கார்களில் போனால் ஒன்றன் பின் ஒன்றாகத் துரத்திக்கொண்டு போக வேண்டாம். முன்னால் போகும் மருமகனின் வேகத்துக்கு ஈடுகொடுக்கப் போய் மாமனார் சிக்னலைத் தாண்டுவார், அப்புறம் அன்று இரவுச் சாப்பாட்டில் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். அடுத்து எங்கே சந்திக்கிறோம் என்று மட்டும் முடிவு செய்துகொண்டு அவரவர் வேகத்தில் போங்கள். செலவை யார் எதற்குத் தருவது என்பதையும் கிளம்பும் முன்பே வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது, கல்லாவில் நின்று "நான் தர்றேன், நான் தர்றேன்" என்று பர்ஸை இழுத்துக்கொள்வது இரண்டாம் நாளே அலுத்துவிடும்.

பிள்ளைகள் ஒரு திசையில், நீங்கள் ஒரு திசையில் பிரியும் காலை வரும். அன்றைக்கு எழுந்ததும் முதல் வேலை, எல்லாப் பைகளையும் தரையில் பரப்பி மறுபடி பிரிப்பது. ஒருமுறை என் ரத்த அழுத்த மாத்திரை மகளின் காரில் போய்விட்டது, அவர்களுடைய சார்ஜர் எங்களிடம். பிரிந்த கையோடு வண்டியை எடுக்காதீர்கள். கை ஆட்டிவிட்டுப் பேரன் தலை மறைந்ததும் கண் கலங்கத்தான் செய்யும், அந்தக் கண்ணோடு நெடுஞ்சாலையில் ஏற வேண்டாம். அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள். அவ்வளவு நாள் சத்தத்துக்குப் பிறகு காருக்குள் வரும் அமைதியும் தூக்கத்தைத்தான் கூப்பிடும்.

இனி வீடு. திரும்பி வருவதற்கான ஏற்பாடு கிளம்பும் அன்றே முடிந்திருக்க வேண்டும். மெயின் தண்ணீர்க் குழாயையும் எரிவாயுவையும் மூடுங்கள், வாஷிங் மெஷின் குழாய் வெடித்து வீடு குளமான கதைகள் எல்லாம் ஆள் இல்லாத வீட்டில்தான் நடக்கின்றன. கட்டிலில் துவைத்த விரிப்பைப் போட்டு, மேலே ஒரு பழைய துணியால் மூடிவிடுங்கள், வந்ததும் துணியை உருவினால் படுக்கை தயார். ஃப்ரீசரில் ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி, அடியில் மூழ்கி உறைந்திருந்தால் நடுவில் நீண்ட நேரம் மின்சாரம் இல்லாமல் பனி உருகியிருக்கிறது என்று அர்த்தம், உள்ளே இருப்பதை எல்லாம் கொட்டிவிடுங்கள். வீட்டுச் சாவி பெட்டியின் அடியில் கிடக்காமல் கைப்பையில் இருக்கட்டும். பயணப் படங்களை எல்லோரும் பார்க்கும்படி போடுவதைத் திரும்பி வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது என்று ஊருக்கே அறிவிக்க வேண்டாம்.

வந்து இறங்கியதும் முதலில் வெளியிலிருந்து ஒரு சுற்றுப் பாருங்கள். பூட்டோ ஜன்னலோ உடைந்திருந்தால் உள்ளே போகாமல் போலீஸைக் கூப்பிடுங்கள். கதவைத் திறந்ததும் எரிவாயு வாடை வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாதீர்கள், கதவை அப்படியே திறந்து போட்டுவிட்டு வெளியே வந்து உதவிக்குக் கூப்பிடுங்கள். வாடை எதுவும் இல்லையென்றால் உள்ளே போய் ஜன்னல்களைத் திறந்துவிட்டுத் தண்ணீரைத் திறங்கள். வாரக்கணக்கில் குழாயில் தேங்கிய தண்ணீரில் கிருமிகள் பெருகும், குறிப்பாக லெஜியோனெல்லா என்ற நிமோனியாக் கிருமி, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அது ஆபத்து கூடுதல். ஷவரைத் தூவவிடாமல் அதன் தலைப்பகுதியை ஒரு வாளிக்குள் போட்டுச் சில நிமிடம் ஓடவிட்ட பிறகு குளியுங்கள். வீடு முழுக்கச் சாக்கடை நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம், தரையில் இருக்கும் வடிகாலின் வளைவில் தங்கும் தண்ணீர் வற்றியிருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் அடங்கிவிடும்.

காரிலிருந்து அன்று இறக்க வேண்டியவை மூன்றுதான்: மருந்துப் பை, குளிர்ப்பெட்டி, இரவுக்கான உடுப்பு. மற்றதெல்லாம் நாளைக்கு. நாள் முழுக்க உட்கார்ந்து வந்த முதுகோடு டிக்கியில் குனிந்து பெட்டியைத் தூக்கியதில் என் கணவர் பத்து நாள் படுத்திருக்கிறார், அந்தப் பெட்டியில் இருந்தது முழுக்க அழுக்குத் துணி.

டயர் காற்றை மறுபடி இரண்டு பேருக்கான அளவுக்குக் குறைப்பது, தபால், துவைப்பது எல்லாம் மெதுவாக நடக்கட்டும். ஒன்றை மட்டும் அந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள், அப்புறம் ஞாபகம் இருக்காது: எடுத்துப்போய்த் தொடவே தொடாத பொருட்களை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். எங்கள் நோட்டில் மூன்று பயணமாக மடக்கு நாற்காலி இருக்கிறது. அடுத்த முறையும் அதை ஏற்றத்தான் போகிறார்.